சந்தனப் பொட்டு வைத்த நெம்புகம்பி

இல்ல சார், சாவியத் தரமாட்டேன். கோவிச்சுக்காதீங்க. உங்க வண்டிதான், உங்க சாவிதான், ஒத்துக்கிறேன். ஆனா இந்த முன்சக்கரத்த வச்சுக்கிட்டு நீங்க போடிமெட்டு ஏற முடியாது. அம்மாவும் பாப்பாவும் அந்த வேப்பமரத்து நிழல்ல உக்காரட்டும். வெக்கையா இருந்தா உள்ள போகச் சொல்லுங்க, எங்க வீட்டுக்காரி ஜெயக்கொடி இருக்கா, மோர் குடுப்பா. நீங்க இப்படி வாங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்க, எண்ணெய்க்கறை எல்லாம் காஞ்சு போச்சு, ஒட்டாது.

பார்ட்ஸுக்குப் போன் பண்ணிட்டேன். டவுன்ல இருந்து ஒன்றரை மணி பஸ்ஸுல ஆள் கொண்டு வருவாரு. பஸ்ஸுல ஏறி எறங்க அவருக்குக் கொஞ்சம் நேரமாகும். லேட்டானா அவர ஒண்ணும் சொல்லிறாதீங்க. என்னைய வேணும்னா வையிங்க.

திருப்பத்துல டொக்குன்னு ஒரு சத்தம் வருதுன்னீங்க. வழியில ஒரு மெக்கானிக்கு பாத்துட்டு, ஒண்ணுமில்ல தாராளமாப் போகலாம்னு சொன்னாருன்னீங்க. அவரக் குத்தம் சொல்ல மாட்டேன் சார். சொல்றதுக்கு எனக்கு யோக்கியத கெடையாது. அது ஏன்னு சொல்றேன், மொதல்ல இதப் பாருங்க.

இப்ப ஜாக்கிய சேஸ்ல, அதான் அடிச்சட்டத்துல, குடுத்துத் தூக்கியிருக்கேன். சக்கரம் சும்மா தொங்குது. மேல ஒரு கை, கீழ ஒரு கை வச்சுப் பிடிச்சு ஆட்டுங்க. நல்லா ஆட்டுங்க சார், இது கண்ணாடியா ஒடையுறதுக்கு? ஆடுதா? ஆடல. அவரும் இப்படிப் பாத்துட்டுத்தான் சொல்லியிருப்பாரு. இப்ப இருங்க. ஜாக்கிய எறக்கி, சக்கரத்துக்குப் பக்கத்துல இந்தக் கீழ்க் கைக்கு அடியில வைக்கிறேன். லோயர் ஆர்ம்னு சொல்லுவோம். தூக்கியாச்சு. இப்ப நெம்புகம்பிய டயருக்கு அடியில விட்டு மேல நெம்புறேன், பாருங்க. கேட்டுச்சா? டொக். இன்னொரு தடவ. டொக். சக்கரம் எழும்புது, கை எழும்பல. நடுவுல ஒரு சந்து தெரியுதுல்ல, அதுதான் சார் உங்க சத்தம்.

உள்ள ஒண்ணும் பெரிய மாயம் இல்ல. ஒரு பந்து, ஒரு கிண்ணம், அம்புட்டுதான். பால் ஜாயின்ட்டுன்னு பேரு. நம்ம தோள்பட்டையில எலும்பு எப்படி உக்காந்திருக்கோ அப்படி. சக்கரம் திரும்பவும் இதுதான், ஏறி எறங்கவும் இதுதான். தேஞ்சா ஆடும். ரொம்பத் தேஞ்சா கிண்ணத்த விட்டுக் கழண்டுரும். சேஸ்ல தூக்குனா ஸ்பிரிங்கு அந்தக் கையக் கீழ தள்ளி அமுக்கிக்கிட்டே இருக்கும், பந்து கவ்விக்கிட்டு நிக்கும், ஆட்டம் வெளிய தெரியாது. கைக்குத் தாங்கு குடுத்து நெம்புனாத்தான் தெரியும். எல்லா வண்டிக்கும் இப்படி இல்ல. சின்னக் காருக்குப் பாக்குற முறை வேற. உங்க வண்டிக்கு இப்படி. ராசாங்கம் ஓட்டுன வண்டிக்கும் இப்படித்தான்.

ராசாங்கம் எங்கூடப் பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சுல உக்காந்தவன். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஃபெயிலானோம். நான் ஸ்பேனரப் பிடிச்சேன், அவன் ஸ்டியரிங்கப் பிடிச்சான். மேல கேரளாப் பக்கம் பூராம் ஏலத்தோட்டம். நம்ம ஊருப் பொம்பளைங்க காய் எடுக்க விடியக்காலம் இங்கிருந்து ஏறுவாங்க, சாயங்காலம் திரும்புவாங்க. ஒத்த வண்டியில பதினோரு பேரு, பன்னெண்டு பேரு, அவங்க தூக்குவாளி வேற. அந்த வண்டி ஓட்டுறதுதான் ராசாங்கத்துக்கு வேல. பதினெட்டு வருஷம் ஓட்டுனான். ஒரு ஆட்டுக்குட்டி மேல ஏத்துனதில்ல. அவன் வண்டின்னா பொம்பளைங்க தூங்கிக்கிட்டே போவாங்க.

அந்தப் பதினேழு நம்பர் ஸ்பேனர எடுங்க சார். அது இல்ல, பக்கத்துல. ஆங். பழச இப்பவே கழட்டி வச்சுட்டா ஆள் வந்ததும் புதுச மாட்டிறலாம்.

மூணு வருஷம் ஆச்சு. ஆயுத பூஜை. எங்க தொழில்ல வருஷத்துக்கு ஒரு நாள்தான் சார் இரும்புக்கு லீவு. மொத நாளே எல்லாத்தையும் மண்ணெண்ணெய்ல கழுவி, தொடச்சு, பலக மேல வரிசையா அடுக்கிருவேன். ஸ்பேனரு, சுத்தியலு, ஜாக்கி, ஸ்டாண்டு, இந்த நெம்புகம்பி, எல்லாத்துக்கும் சந்தனம், குங்குமம். பொரி, கடல, வாழப்பழம். மூணு மணிக்குச் சாமி கும்புட்டோம்னா, மறுநாள் காலையில மறுபூஜை போடுற வரைக்கும் எதையும் தொடக் கூடாது. சுண்டு விரல் நகமும் படக் கூடாது. எங்க குருநாதர் காலத்துல இருந்து அப்படித்தான். ஒரு வருஷம் நடுரோட்டுல பஞ்சராகி நின்ன கல்யாண வண்டியவே அவரு தொடலன்னா பாத்துக்கங்க.

அன்னிக்கு நானும் வெள்ள வேட்டி கட்டி, நெஞ்சு பூராம் சந்தனம் பூசிக்கிட்டு, மாப்பிள மாதிரி நிக்கிறேன். நாலு மணி இருக்கும், ஒரு கூத்து நடந்துச்சு. இந்தப் பக்கம் பாதித் தோட்டம் ஒரு ஏலக்கா முதலாளிக்குச் சொந்தம். அவரு காரு வருது, வரும்போதே பாங்குன்னு கத்திக்கிட்டு வருது. ஹாரன் சிக்கிக்கிச்சு. நிக்காம அலறுது சார். தெருவுல இருக்குற நாயெல்லாம் கூட அழுவுது. முதலாளி காதப் பொத்திக்கிட்டு உள்ள உக்காந்திருக்காரு, அவரு வீட்டம்மா பட்டுச்சீலையோட வெளிய குதிச்சிருச்சு. ஜெயக்கொடி விழுந்து விழுந்து சிரிக்கிறா. நான் பலகையில இருந்து கொறட்ட எடுத்தேன், பானெட்டத் தூக்கி ஒத்த ஒயர நறுக்குன்னு வெட்டுனேன். அம்புட்டுதான். சத்தம் நின்னுச்சு. முதலாளி கையெடுத்துக் கும்புட்டாரு. சாமி மன்னிச்சுக்கன்னு சொல்லிட்டுக் கொறட்ட எடுத்த எடத்துல வச்சுட்டேன். அது சும்மா ரெண்டு நிமிஷ வேல சார், அத விடுங்க.

அஞ்சரைக்கு ராசாங்கம் வந்தான்.

வண்டிக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் வாழக்கன்னு கட்டியிருந்தான். கண்ணாடியில விபூதிப் பட்ட போட்டு, மாலை போட்டு, அவன் வீட்டு விசேஷம் மாதிரி கொண்டாந்து நிறுத்துனான். பொரிப் பொட்டலத்த எங்கையில குடுத்துட்டு, "குபேந்திரா, எடது பக்கம் டொக்குன்னு ஒரு சத்தம் வருதுடா. வளைவுல தான் வருது. நாளைக்கு விடியக்காலம் காய் எடுப்புக்குப் போகணும், பன்னெண்டு பேரு இருக்காங்க. ஒரு பார்வ பாத்துருடா"ன்னான். லீவு விடக்கூடாதான்னு கேட்டேன். காய் பழுத்துரும்னு தோட்டத்துல சொல்லிட்டாங்கன்னான்.

நான் பாத்தேன் சார். பாக்கலன்னு சொல்லவே மாட்டேன். அவன் வண்டி ஜாக்கியவே எடுத்து, சேஸ்ல குடுத்துத் தூக்கி, இந்தா இப்ப நீங்க ஆட்டுனீங்கள்ல, அதே மாதிரி ஆட்டிப் பாத்தேன். ஆடல. அவன் பக்கத்துல உக்காந்து, "நெம்பிப் பாக்கலாமாடா?"ன்னு கேட்டான். அவனுக்கும் வண்டியப் பத்தித் தெரியும்ல. நான் பலகையக் காட்டுனேன். "எல்லாம் பூஜையில இருக்குடா. காலையில மறுபூஜை முடிச்சு வா, பாத்துருவோம்"னேன். "காலையில எங்கடா, அஞ்சு மணிக்குக் கெளம்பணும்"னான். "அப்ப போயிட்டு வா. புஷ்ஷு தேஞ்சிருக்கும், வேற ஒண்ணும் இருக்காது. போகலாம்"னேன்.

போகலாம்னேன் சார். வாயில வந்துருச்சு.

அவன் பலகையப் பாத்தான். நான் வச்ச வெளக்கு எரிஞ்சுக்கிட்டு இருக்கு. "ஆமால்ல, சாமிக்கு வச்சதப் போயி எடுக்கச் சொன்னேன் பாரு"ன்னு சொல்லி, ரெண்டு கன்னத்துலயும் போட்டுக்கிட்டான். சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டான் சார் அவன். வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

கொஞ்சம் தள்ளிக்கங்க, சுத்தியால அடிக்கணும். இந்த எடத்துல சும்மா மேல அடிச்சா வராது சார். ரெண்டு பக்கமும் ரெண்டு சுத்திய வச்சு ஒரே நேரத்துல தட்டணும், அப்பத்தான் பிடிய விடும். பாத்தீங்களா? வந்துருச்சு. இந்தாங்க, கையில வாங்கிப் பாருங்க. எப்படி லொட லொடன்னு ஆடுது பாத்தீங்களா? இத வச்சுக்கிட்டுப் பாப்பாவ மலைக்குக் கூட்டிட்டுப் போகப் பாத்தீங்க. சரி, உங்களுக்கு என்ன தெரியும். வண்டி ஓட்டுறவங்களுக்குச் சத்தம்தான் தெரியும். சத்தம் எதுன்னு சொல்லத்தான நாங்க இருக்கோம்.

மறுநாள் காலையில நான் குளிச்சு மறுபூஜைக்குச் சூடம் பத்த வச்சேன். ஏழேகால் இருக்கும். தட்டு கையில இருக்கு. மெட்டுக்குப் போன பால்காரர் திரும்பி வந்து வண்டிய நிறுத்தாமலே கத்துனாரு, ராசாங்கம் வண்டி பத்தாவது வளைவுல போயிருச்சுன்னு. எடது சக்கரம் மடிஞ்சு உள்ள போயிருச்சு சார். பந்து கழண்டுருச்சு. அந்தப் பக்கம் பள்ளம், இந்தப் பக்கம் பாறை. சக்கரம் போன வண்டிய, ஸ்டியரிங்கு கேக்காத வண்டிய, எப்படிப் பாறப் பக்கம் சாச்சான்னு அவனுக்கே தெரியாது. பள்ளத்துல விட்டிருந்தா பன்னெண்டு பேரும் இல்ல. பாறையில மோதுனதுல எல்லாரும் உசுரோட வந்தாங்க. இவன் உக்காந்த பக்கம்தான் பாறை. கால் ரெண்டு எடத்துல முறிஞ்சுது. பெருமாயின்னு ஒரு பொம்பள, அதுக்கு வலது மணிக்கட்டு நொறுங்கிருச்சு. இன்னிக்கு வரைக்கும் விரல் மடங்காது. ஏலக்கா எடுக்குறது விரல் வேல சார். அது இப்ப யாரு வீட்டுலயோ ஒத்தக் கையில வாசல் தெளிக்குது.

நான் கையில தட்டோட நின்னேன். பலகையில நெம்புகம்பி, நான் வச்ச சந்தனம் காஞ்சு வெடிச்சிருந்துச்சு. அதப் பாத்துக்கிட்டே நின்னேன். சூடம் அணைஞ்சு போச்சு. ஜெயக்கொடி தட்ட வாங்கிக்கிட்டா.

ரெண்டு நாள் கழிச்சு எஸ்.ஐ. வந்தாரு. வேகமா வந்து இடிச்சான்னு கேஸு. ராசாங்கம் ஆஸ்பத்திரியில இருந்து சொல்லியிருக்கான், மொத நா சாயங்காலம் குபேந்திரன்ட்ட காட்டுனேன், அவன் பாத்துட்டுப் போகலாம்னான்னு. உள்ளதத்தான சொன்னான்? எஸ்.ஐ. நல்ல மனுசன்தான். இந்தா, நீங்க உக்காந்திருக்குற ஸ்டூல்லதான் உக்காந்தாரு. "பூஜை அன்னிக்கு அவன் வண்டியில நீ வேல பாத்தியாய்யா?"ன்னாரு.

"சார், அன்னிக்கு ஆயுத பூஜை. ஆயுதத்துல கை வைக்க மாட்டோம்"னேன்.

அவரு திரும்பிப் பலகையப் பாத்தாரு. ஸ்பேனர்ல எல்லாம் இன்னும் குங்குமம் ஒட்டிக்கிட்டு இருக்கு. "ஆமால்ல"ன்னாரு. அவரு லத்திக்கும் அன்னிக்குப் பொட்டு வச்சிருப்பாங்கள்ல. அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு. வண்டியப் பாத்த ஆர்டிஓ ஆபீஸ் இன்ஸ்பெக்டரு, ஒடஞ்சதால இடிச்சுதா, இடிச்சதால ஒடஞ்சுதான்னு தெரியலன்னு எழுதிட்டாரு. அப்பறம் ராசாங்கத்துக்கு யாரு இருக்கா? ஆயுத பூஜையில மெக்கானிக்கு வண்டி பாத்தான்னு சொன்னா ஊருல யாரு நம்புவா? அவன் பொண்டாட்டியே நம்பலைன்னு கேள்வி.

நீங்களே சொல்லுங்க சார், நான் பொய் சொன்னேனா? வேல பாத்தியான்னு கேட்டாரு. வேல பாக்கல. ஆட்டிப் பாக்குறது வேலையா? ஆயுதத்துல கை வைக்க மாட்டோம்னேன். அது எங்க வழக்கம். வழக்கத்தச் சொன்னேன். ஒரு வார்த்த பொய் இல்ல. மூணு வருஷமா நானும் அந்த வாக்கியத்தத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்குறேன், ஒரு வார்த்தையும் பொய் இல்ல.

எஸ்.ஐ. வந்துட்டுப் போன அன்னிக்கு மதியம், ஜெயக்கொடிதான் சோறு போடையில கேட்டா. கொழம்ப ஊத்திக்கிட்டே கேட்டா. "முதலாளிக்காகக் கொறட்ட எடுக்கையில சாமி ஒண்ணும் சொல்லல. ராசாங்கண்ணனுக்காகக் கம்பிய எடுத்தா மட்டும் கண்ணக் குத்திருக்குமாக்கும்?"

நான் சோத்த வச்சுட்டு எந்திரிச்சுட்டேன். அதுக்கப்பறம் அவ கேக்கல. கேக்காம இருக்குறது இருக்கே, அது பெரிய தண்டன சார். தெனமும் பரிமாறுவா, தெனமும் கேக்க மாட்டா.

அது ரெண்டு நிமிஷ வேல, அத விடுங்கன்னு சொன்னேன்ல. விட முடியல. கொறடு இரும்பு இல்லையா? பூஜையில இல்லையா? முதலாளி காரு கத்துச்சு, ஊரே கேட்டுச்சு, எடுத்தேன். ராசாங்கம் வண்டி டொக்குன்னுச்சு, அவனுக்கு மட்டும் கேட்டுச்சு. அதுக்கு எனக்குச் சாமி ஞாபகம் வந்துருச்சு.

இன்னும் ஒண்ணு சொல்றேன். இத இதுக்கு முன்னாடி யார்ட்டயும் சொன்னதில்ல. உங்க மொகத்தப் பாத்தா சொல்லணும்னு தோணுது. ஆட்டிப் பாக்கையில குனிஞ்சேன்ல, அப்பப் பாத்தேன். பந்துக்கு மேல ஒரு ரப்பர் மூடி இருக்கும் சார், இந்தா இதுல கிழிஞ்சு தொங்குது பாருங்க, இதே மாதிரி அதுலயும் கிழிஞ்சிருந்துச்சு. கிரீஸு பூராம் வழிஞ்சு, அதுல மண்ணு ஏறி. ரப்பர் கிழிஞ்சா உள்ள மண்ணு போயிருக்கும், மண்ணு போனா தேஞ்சிருக்கும். நேத்து தொழிலுக்கு வந்தவனுக்கும் தெரியும். சரியாப் பாக்கணும்னா கீழ படுக்கணும். கீழ மண்ணு, எண்ணெய். நான் வெள்ள வேட்டி கட்டியிருந்தேன்.

அந்த வேட்டிய அதுக்கப்பறம் கட்டல. பெட்டியில கெடக்கு.

தண்ணி குடிக்கிறீங்களா சார்? நான் குடிச்சுக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாம இருப்பேனா? ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன். கால்ல கம்பி போட்டுத் தொங்க விட்டிருக்காங்க. எஸ்.ஐ. வந்துட்டுப் போனது அவனுக்குத் தெரியும், நான் சொன்னதும் தெரியும். திட்டுவான்னு நெனச்சேன். திட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும், நானும் நாலு வார்த்த திட்டியிருப்பேன், வெளிய வந்திருக்கும். அவன் மேல ஓடுற ஃபேனப் பாத்துக்கிட்டே, "பூஜைடா. நீ என்ன செய்வ"ன்னான். அம்புட்டுதான். நான் ஆரஞ்ச உரிச்சுக் குடுத்தேன், தின்னான்.

அப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? சந்தோசமா இருந்துச்சு சார். அப்பாடான்னு இருந்துச்சு. அவனே சொல்லிட்டான், பூஜைன்னு. கொறட்டு விஷயம் அவனுக்குத் தெரியாது, ரப்பரு விஷயம் தெரியாது. தெரியாத வரைக்கும் நல்லதுன்னு பஸ் ஏறி வந்துட்டேன்.

லைசென்ஸப் பிடுங்கி வச்சுட்டாங்க. கேஸு இன்னும் நடக்குது. கால் சரியா மடங்காது. காலு சரியானாலும் எந்த முதலாளி அவன்கிட்ட வண்டி குடுப்பான்? பன்னெண்டு பேரக் கவுத்த டிரைவர்னு பேரு ஆயிப்போச்சு. பதினெட்டு வருஷம் தூங்கிக்கிட்டே போன பொம்பளைங்க, இப்ப அவனக் கண்டா மொகத்தத் திருப்பிக்கிறாங்க. பெருமாயி என்னைய ரேசன் கடையில பாத்தா, "கண்ணு மண்ணு தெரியாம ஓட்டி எங்கையக் கெடுத்தான் பாருங்க அந்தப் பய"ன்னு சொல்லும். நான் தலைய ஆட்டுவேன். தலைய ஆட்டுறது பொய்யில சேருமா சார்?

சும்மா இருக்கேன்னு நெனச்சுறாதீங்க. நான் நெறைய செஞ்சிருக்கேன். இந்தக் கடைக்கு வார வண்டி எதையும் நெம்பிப் பாக்காம அனுப்புறதில்ல. காத்தடிக்க வந்த வண்டியையும் நெம்பிப் பாப்பேன். சில பேரு கோவிச்சுக்கிட்டுப் போயிருக்காங்க. ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் பலகையில வைப்பேன், இந்தக் கம்பிய மட்டும் வைக்க மாட்டேன். அது வெளியதான் சாஞ்சு நிக்கும். ஜெயக்கொடி ஒரு வருஷம் அதுக்குப் பொட்டு வைக்க வந்தா, வேண்டாம்னுட்டேன். அப்பறம் ராசாங்கத்துக்கு ஒரு வேலையும் வாங்கிக் குடுத்தேன். நான்தான் சொன்னேன், என் பேச்சுக்குத்தான் டவுன்ல ஒரு கடைக்காரரு ஒத்துக்கிட்டாரு. அந்த அளவுக்காவது செஞ்சேன்ல?

அப்பறம் இப்படி உங்கள மாதிரி ஆளுங்ககிட்ட சொல்லுவேன். மெட்டத் தாண்டி மூணாறு, கட்டப்பனை, அப்படிப் போறவங்க. திரும்ப இந்தக் கடைக்கு வர மாட்டாங்க. உள்ளூர்க்காரன்ட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஊரு பூராம் நாறிரும். உங்களோட சேத்துப் பதினேழு பேரு. சொன்னா மனசு கொஞ்சம் லேசா இருக்கும். ஒரு வாரம் நல்லாத் தூங்குவேன். கேக்குறவங்களும் நல்லவங்கதான், "பரவால்ல விடுங்க, வேணும்னேவா செஞ்சீங்க?"ன்னு சொல்லிட்டுப் போவாங்க.

வக்கீல் ஒரு தடவ வந்தாரு, அவனுக்கு வாதாடுறவரு. "நீங்க வந்து பாத்தது உண்மன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், கேஸு ஒடஞ்சிரும், லைசென்ஸு திரும்பக் கெடைக்கும்"னாரு. எனக்குச் சொல்லணும்னுதான் இருந்துச்சு. சத்தியமா சார். ஆனா யோசிச்சுப் பாருங்க, நான் பாத்தேன்னு சொன்னா அடுத்த கேள்வி என்ன? பாத்துட்டு ஏன் அனுப்புனன்னு. பூஜைன்னு சொன்னா, கொறடு? அந்த முதலாளி இருக்காரு, அவரு வீட்டம்மா இருக்கு, ரெண்டு பேரும் கண்ணால பாத்தாங்க. அப்பறம் இந்தக் கடைக்கு யாரு வண்டி கொண்டு வருவா? மெக்கானிக்கு கைய வச்சா பொழைக்கிறான்? பேர வச்சுத்தான சார் பொழைக்கிறான்? அவன் பேரு போனதுக்கு என் பேரும் போகணுமா? ரெண்டு குடும்பமும் நடுத்தெருவுல நிக்கணுமா? வக்கீல்ட்ட, பழச ஏன் சார் கிண்டுறீங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

அந்தா பஸ்ஸு. சரியான நேரத்துக்கு வந்துருச்சு. பாருங்க, பின் படியில எறங்குறாரு. ஒரு கால மொதல்ல எறக்கி, கம்பியப் பிடிச்சு, அடுத்த காலக் கையால தூக்கி. கண்டக்டர் பாவம், விசில் அடிக்காம நிப்பாரு எப்பவும்.

ஆமா சார். அவன்தான்.

பாக்காதீங்க, இந்தப் பக்கம் பாருங்க. மொகத்த மாத்திக்கங்க சார், தயவு செஞ்சு. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. பார்ட்ஸக் குடுப்பான், பழச வாங்கிக் கையில வச்சு ஆட்டிப் பாப்பான், "நெம்பிப் பாத்தியா?"ன்னு கேப்பான், பாத்தேம்பேன். அந்த வேலைக்குச் சேந்ததுல இருந்து எப்ப வந்தாலும் அது ஒண்ணுதான் கேப்பான். வாய்தா இருந்தா, இன்ன தேதிக்கு வாய்தான்னு சொல்லுவான். சரிடாம்பேன். போயிருவான்.

வா ராசாங்கம். வெயிலு பொளக்குதா? மோர் குடிச்சிட்டுப் போ. சாரு மூணாறு போறாரு, குடும்பத்தோட. ஜாயின்ட்டு கொண்டாந்தியா? சரியான சைஸுதான? சார், இவருதான் பார்ட்ஸு கடையில...

என்ன கேட்ட? சார்ட்ட என்ன கேட்ட நீயி?

"கொறட்டுக் கதைய முடிச்சுட்டானா சார்"னா கேட்ட?

யாரு சொன்னா ஒனக்கு? ஜெயக்கொடியா? ஏய், நீ சொன்னியா? அவ இல்லங்கிறா. அப்ப யாரு? நான் கதை சொல்லி அனுப்புன அந்தக் கட்டப்பனைக்காரரா? திரும்பி வரையில பஸ்ஸ்டாண்டுல ஒன்னப் பாத்துச் சொன்னாரா? போன வருஷமேவா? அதுக்கப்பறமும் சொன்னாங்களா? எத்தன பேரு? நாலு பேரு வந்து சொன்னாங்களா?

என்னது? அவங்க சொல்லித்தான் தெரியணுமாவா? அப்படின்னா?

அன்னிக்கேவா?

பலகையில எல்லாத்துக்கும் பொட்டு இருந்துச்சு, கொறட்டுல மட்டும் அழிஞ்சிருந்துச்சுங்கிற. அதோட வாயில செவப்பு ஒயரு பிசிறு ஒட்டியிருந்துச்சுங்கிற. பாத்தியா? அப்பவே பாத்தியா? பாத்துட்டா கன்னத்துல போட்டுக்கிட்ட? ஏன்டா எங்கிட்டக் கேக்கல? கம்பிய எடுடான்னு ஒரு அதட்டு அதட்டியிருந்தா நான் எடுத்திருப்பேன்டா. எடுத்திருப்பேன். ஆஸ்பத்திரியில பூஜைடான்னு சொன்னியே, தெரிஞ்சுக்கிட்டா சொன்ன? கோர்ட்டுல ஏன்டா சொல்லல நீயி?

சார், கேட்டீங்களா என்ன சொல்றான்னு? "என்னைய யாரு சார் நம்புவா, அவனா வந்து சொல்லுவான்னு இருந்தேன்"ங்கிறான். உங்ககிட்ட சொல்றான், என்னையப் பாத்துச் சொல்ல மாட்டேங்கிறான். "வாரவன் போறவன்கிட்டயெல்லாம் சொன்னவன் ஒரு நா எங்கிட்டச் சொல்ல மாட்டானா"ன்னு.

இருங்க சார். கொஞ்சம் இருங்க. இந்த நட்டக் கீழ வச்சுக்கிறேன்.

ராசாங்கம். ரப்பர் கிழிஞ்சிருந்துச்சுடா. நான் பாத்தேன். அது ஒனக்குத் தெரியாது, அத யாரும் ஒனக்குச் சொல்லியிருக்க முடியாது. வேட்டியில அழுக்காகிரும்னு நான் கீழ படுக்கல. சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல. பாத்துட்டுத்தான் போகலாம்னேன்.

பாருங்க சார். பழச எடுத்து ஆட்டிப் பாக்குறான். "இதுவும் கிழிஞ்சுதான் இருக்கு"ங்கிறான்.

வாய்தா என்னிக்கு? வியாழக்கிழமையா? எத்தன மணிக்குடா கூப்புடுவாங்க? பத்தரைக்கா? வக்கீல்ட்ட நான் போன் பண்ணிக்கிறேன், நம்பரக் குடு. இல்ல, இப்பவே குடு, சாரு இங்க இருக்கையிலயே குடு.

சார், அரை மணி நேரத்துல உங்க வண்டி முடிஞ்சிரும். மாட்டிட்டு, நெம்பிப் பாத்துட்டு, நீங்களும் ஒரு தடவ நெம்பிப் பாத்துட்டுக் கெளம்புங்க. மேல போனதும் அலைன்மென்ட்டு மட்டும் பாத்துக்கங்க.

ஜெயக்கொடி! பெட்டியில கெடக்குற அந்த வெள்ள வேட்டிய எடுத்துத் தொவச்சுப் போடு. வியாழக்கிழமைக்கு வேணும்.